நாற்பத்திரண்டாவது வீடு

நியாயக் கொள்முதல் சங்கத்தில் உறுப்பினர் ஆகாத பனியன் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் கிடையாது. விசாரிப்பது சங்கத்தின் பேசும் இயந்திரம்; அது கம்பெனிப் பக்கமே வராது. அங்கே வேலை செய்கிறவர்களின் வீட்டுக்குப் போன் போட்டு, "உங்கள் ஆள் நேரத்துக்கு வீடு வருகிறாரா?" என்று கேட்கும்.

எங்கள் திருப்பூர் கம்பெனிக்கு நாற்பத்திரண்டு வீடுகள். நாற்பத்தொரு வீட்டில் ஆமாம் என்றார்கள். என் மாமியார்கூட என்னைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னாராம். ஆனாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது.

முதலாளி சென்னியப்பன் சத்தம் போட்டார். "எந்த வீடுன்னு சொல்லும்மா, நானே போய்ப் பேசறேன்."

ஆபீஸ் வேலை பார்க்கும் நான் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினேன். அது அவருடைய வீடு. 'பதினொரு வருசமா ஒரு ஞாயித்துக்கிழமைகூட வீட்ல இருந்ததில்லீங்க' என்று அவர் மனைவி பூவாத்தாள் உள்ளதைச் சொல்லியிருந்தார்.

ஒரு மாதம் கெடு கொடுத்தார்கள். ஞாயிறுதோறும் முதலாளி வீட்டில் இருந்தார். இயந்திரம் மறுபடி கூப்பிட்டபோது நாங்கள் எல்லோரும் அவர் வீட்டுக் கூடத்தில்தான் நின்றோம். பூவாத்தாள் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்போது வீட்டில் இருக்கிறாரா?"

"இருக்காருங்க."

"புகார் ஏதும் உண்டா?"

"உண்டுங்க. சமையக்கட்டு டப்பாவையெல்லாம் சைஸ் வாரியா அடுக்கி எஸ், எம், எல்னு ஸ்டிக்கர் ஒட்டீட்டாருங்க. மல்லித்தூள் எதுல இருக்குன்னே தெரியல."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அப்படியானால் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?"

பூவாத்தாள் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேண்டாங்க. ஸ்டிக்கரை நான் பிச்சுக்கறேன்."