ஈரச்சாக்கு

மழை விடாததால் மீனுக்குப் புகை போடும் தகர டிரம்மைச் சமையலறைக்குள் வைத்திருந்தார்கள். அடியில் கரி கனன்றது. மேலே கம்பியில் உப்பிட்ட சூரைமீன்கள் தொங்கின. புகை வெளியேறாமல் ஈரச்சாக்கால் மூடியிருந்தது. விறகு நனைந்துவிட்டது என்று சொல்லி, லாரன்ஸ் தங்கையின் ஊன்றுகோலை முறித்துக் கரிமேல் போட்டான். மீனில் துணி வாடை ஏறக் கூடாதென்று, அக்குளில் படும் துணிச்சுற்றை மட்டும் கவனமாக உருவி எறிந்தான். மறுநாள் காலை அவள் டவுனில் வேலைக்குச் சேர வேண்டியிருந்தது.

“இனி எப்படிப் போவ? தவழ்ந்தா?” என்று சிரித்தான். “நீ போயிட்டா மீனை யாருடி பாத்துக்குவா?”

ஜெனோவா, கட்டை தீப்பிடித்துவிடாமல் அதன்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். அது நன்றாகப் புகைந்து கரியானது.

இரவு குடித்துவிட்டு வந்த லாரன்ஸ், டிரம்மின் சூட்டுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்தான்.

“தணல் அப்படியே கிடக்கட்டும், குளிருது. கதவைச் சாத்திட்டுப் போ.”

“ஜன்னலைத் திறக்கணும்ண்ணே. மூடின ரூம்ல கரி இருந்தா மூச்சு நின்னுடும்.”

“படிச்ச திமிரு. நீயே திற.”

ஜன்னல் உயரத்தில் இருந்தது. ஊன்றுகோலின் நுனியால்தான் அவள் அதை எப்போதும் தள்ளித் திறப்பாள்.

“எட்டாதுண்ணே.”

குறட்டை வந்தது. அவள் தவழ்ந்து வெளியே போய், அவன் சொன்னபடியே கதவைச் சாத்தினாள். டிரம்மை மூடியிருந்த ஈரச்சாக்கு அவள் கையில் இருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி தெரிந்தது.