இலை மடித்த பக்கம்

அந்த மெஸ்ஸில் பரிமாறுகிறவர்களின் கூலியைச் சாப்பாட்டு மேசைகளே முடிவு செய்தன. சாப்பிட்டவர் இலையைத் தன் பக்கம் மடித்தால் திருப்தி என்று பச்சை விளக்கு எரியும், கூலி ஏறும். எதிர்ப்பக்கம் மடித்தால் சிவப்பு, ஏறிய கூலியும் இறங்கிவிடும். வேறு சம்பளம் கிடையாது.

காலையிலிருந்து நின்றே பரிமாறியதில் மாரப்பனுக்குக் கால் கடுத்தது. கடைசிப் பந்தியில் மொட்டைத் தலையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். ரசம் ஊற்றும்போது, "அப்பா காரியம் நேத்துத்தானுங்க முடிஞ்சுது" என்றார். மாரப்பன் கேட்காமலே இன்னொரு கரண்டி விட்டார். மனிதர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். பிறகு, இழவு வீட்டில் இத்தனை நாள் மடித்த பழக்கத்தில், இலையை எதிர்ப்பக்கமாக மடிக்கப் போனார்.

'இந்தப் பக்கம் மடிங்க' என்று மாரப்பனுக்கு வாய்வரை வந்துவிட்டது. அப்பனைப் பறிகொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? இலை எதிர்ப்பக்கமே மடிந்தது. சிவப்பு எரிந்தது.

"இன்னைக்குத்தானுங்க வயிறாரச் சாப்பிட்டேன். உங்களுக்கு ஏதாச்சும் குடுக்கோணும்" என்று அவர் சட்டைப்பையைத் தொட்டார்.

"கையில வாங்கக் கூடாதுங்க" என்றார் மாரப்பன், இலையை எடுத்தபடி. "அதெல்லாம் மேசையே பாத்துக்கும்."