முதல் நாள் வெளிச்சம்

"சூரியன் வர்றதுக்கு முன்னாடியே வெளிச்சமா? இதென்ன டீச்சர் கூத்து!"

ஒத்திகை நடந்த சர்ச் ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டது, சூரியனின் அம்மா.

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் போடும் நாடகம், உலகம் உண்டான கதை. அவளுடைய சின்ன மகள்தான் சூரியன். கடவுளுக்குச் சூரியனைப் படைக்க ஒரே நாள்தான் ஆனது. இவளுக்கு அந்தத் தங்கநிற உடுப்பைத் தைக்க மூன்று வாரம்.

ஆனால் மகள் மேடைக்கு வரும்போதே பின்திரை பளபளவென்று இருந்தது. சூரியன் வந்ததே தெரியவில்லை. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைபிள்ல அப்படித்தான் இருக்கு. வெளிச்சம் முதல் நாள், சூரியன் நாலாவது நாள்" என்றார் டீச்சர்.

"சூரியன் இல்லாம வெளிச்சம் எங்கிருந்து வரும்? ஒண்ணுக்கொண்ணு இடிக்குதே!"

"இடிக்கிற மாதிரிதான் தெரியும். பைபிளோட கடைசிப் பக்கங்கள்ல பாருங்க, சூரியனே தேவைப்படாத ஒரு நகரம் வருது. சூரியன் வெறும் விளக்குதாம்மா. வெளிச்சம் அதுக்கு முந்தியே இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும். என் பொண்ணு வர்ற வரைக்கும் அதை அணைச்சு வையுங்க."

"மன்னிச்சுக்குங்க. அதை மட்டும் அணைக்க மாட்டேன்."

வீட்டுக்கு வந்தும் அம்மாவுக்கு ஆறவில்லை. "உன் மேல அந்த டீச்சருக்குப் பொறாமைடி!" என்று சின்னவளிடம் பொரிந்து தள்ளினாள்.

மூத்த மகள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சு திக்கும். வீட்டில் கெட்டுப்போன அயர்ன் பாக்ஸை, ரேடியோவை நோண்டிக்கொண்டிருப்பாள். விருந்தாளி வந்தால் உள்ளே போய்விடுவாள், அம்மாவும் கூப்பிடுவதில்லை. தங்கைக்குத் துணையாக ஒத்திகைக்குப் போய்வருவதோடு சரி.

விழா நாள் வந்தது. பக்கத்து நாற்காலிப் பெண்மணி கேட்டாள்: "சூரியன் உங்க பொண்ணாமே! ஒரே பொண்ணா?"

அம்மா சிரித்துக்கொண்டே மேடையைக் காட்டினாள். அந்தக் கேள்வி அப்படியே போய்விட்டது.

ஹால் இருண்டது. வெள்ளைத் திரைக்குப் பின்னால் மெல்ல ஒரு வெளிச்சம் ஊறி வந்து, திரை முழுக்கப் பரவியது. ஹாலில் ஓர் இருமல்கூட இல்லை. அம்மா மட்டும் பல்லைக் கடித்தாள்.

நாலாவது நாள். சின்னவள் வந்தாள். அப்போது அந்த வெளிச்சம் ஓரங்களிலிருந்து பின்வாங்கி, அவளைச் சுற்றி மட்டும் வந்து நின்றது. தங்கநிற உடுப்பு தகதகவென்று மின்னியது. கைதட்டல் அடங்கவே இல்லை. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

நாடகம் முடிந்ததும் டீச்சர் மைக்கைப் பிடித்தார்.

"முதல் நாள் வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு ஒரு அம்மா கேட்டாங்க. பழைய பல்பு, பழைய ஃபேன் ரெகுலேட்டரை வெச்சு ஒரு பொண்ணு செஞ்சது. 'எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க, வேண்டாம்னுடுவாங்க'ன்னு கேட்டுக்கிட்டா. இனிமே சொல்லலாம்."

திரையை விலக்கிக்கொண்டு மூத்தவள் வந்தாள். தலை குனிந்திருந்தது, விரலெல்லாம் கரி. ஹாலே எழுந்து நின்று கைதட்டியது.

"அடேயப்பா!" என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்மணி. "யார் பெத்த பொண்ணுங்க இது?"

அம்மாவும் எழுந்தாள். ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும் போலிருந்தது. நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தாள்.

"எ... எ... என்..."

அன்றைக்கு அவளுக்கும் திக்கியது.