பானட் இல்லாத வண்டி

"பாய், அந்தப் பழைய பானட்டை என்ன பண்ணீங்க?" என்று சேதுபதி மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

சாதிக் பாட்ஷாவுக்குச் சுள்ளென்று ஏறியது.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்த அந்தக் கராஜ் மொத்தமும் வாசலில் கூடி, முடிந்த வண்டியைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வண்டிக்குச் சொந்தக்காரனோ அதன் பக்கம் திரும்பவே இல்லை. நான்கு மாதத்துக்கு முன் கழற்றிப் போட்ட தகரத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

துருப்பிடித்த ஒரு பிக்கப்பை ஹாட் ராட் ஆக்கியிருந்தார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தி, பின்னால் அகலச் சக்கரம் மாட்டி, பானட்டும் முன் மட்கார்டும் இல்லாமல் எட்டு சிலிண்டர் எஞ்சினை ஊர் பார்க்கத் திறந்து வைத்து, தலை முதல் கால் வரை ஆரஞ்சு அடித்திருந்தார்கள். டிங்கர் வேலை முழுக்க சாதிக்கின் கைதான். முதலாளி கலீலுர் ரஹ்மான் மட்டும் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் 'நம்ம டிசைன்' என்று அளந்துகொண்டிருந்தார்.

அளக்கட்டும். சாதிக்கின் கோபம் அதில் இல்லை.

நான்கு மாதமாக அவனுக்கு எதைப் பார்த்தாலும் கோபம்தான். ரூமில் கீழ்க் கட்டிலில் படுத்திருக்கும் மணிமாறன் டியூட்டி முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, ஏதோ ஒரு வண்டி அவனைத் தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. தொடையெலும்பு தூள். அந்த இடத்தில் காமிரா கிடையாது. வண்டி கிடைத்தால் சொல்கிறோம் என்றது போலீஸ். கிடைக்கவில்லை. அடுத்த வாரம் கம்பெனி அவனை ஊருக்கு ஏற்றி விடுகிறது.

அடித்தவன் எவன் என்று தெரியாமலே அவன் நொண்டிக்கொண்டு விமானம் ஏறப்போகிறான். அதை நினைத்தால் சாதிக்குக்குச் சோறு இறங்குவதில்லை.

கராஜுக்கு வருகிற ஒவ்வொரு வண்டியின் மூக்கையும் குனிந்து பார்ப்பான். அடிபட்ட வண்டியைப் போலீஸ் சீட்டு இல்லாமல் எந்தக் கராஜும் தொடாது. அந்தச் சீட்டையும் வாங்கிப் பார்ப்பான். ஒன்றிலும் கோளாறு இல்லை. இல்லை இல்லை என்று ஆக ஆக அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இந்தப் பிக்கப்பை மட்டும் அவன் அப்படிப் பார்க்கவில்லை. பத்து வருடமாகப் பண்ணையில் ஓடாமல் கிடந்தது என்று சொல்லி, இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றி, மண்ணும் தூசியுமாகக் கொண்டுவந்து இறக்கினான் சேதுபதி. கான்ட்ராக்டர் வீட்டுப் பையன். ஆசைப்பட்டதைச் செய்துகொள்கிறான் என்று விட்டுவிட்டார்கள்.

பானட் நசுங்கியிருந்தது. தட்டி நிமிர்த்திவிடலாம் என்றான் சாதிக். ஹாட் ராடுக்கு எதற்குப் பானட், மட்கார்டு எல்லாம், கழற்றி ஸ்கிராப்பில் நசுக்கக் கொடுத்துவிடுங்கள் என்றான் அவன். ரிப்பேர் என்றால்தானே போலீஸ் சீட்டு? இது புதிதாகக் கட்டுகிற வண்டி. யாரும் சீட்டுக் கேட்கவில்லை. சாதிக்கும் கேட்கவில்லை.

"நசுக்கியாச்சு சார்" என்றான் இப்போது.

பொய். கராஜ் தகரத்தைச் சொல்லாமல் எடுத்துப் போனது தெரிந்தால் முதலாளி நாள் முழுக்கக் கத்துவார். அந்தப் பயத்தில் தானாக வாயில் வந்த பொய்.

சேதுபதியின் முகம் அப்படியே இளகியது. கிரீஸ் படிந்த சாதிக்கின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான்கு மாதத்தில் ஒரு சலாம்கூடச் சொல்லாதவன். கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒரு தகரத்துக்கா?

சாதிக் கையை உருவிக்கொண்டான். பத்து வருடம் கிடந்த வண்டி என்றானே, டாங்கிலிருந்து இறக்கிய பெட்ரோலில் கொஞ்சம்கூடப் பழைய நாற்றம் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. கழற்றிய அன்று பானட்டின் மடிப்பில் ஒரு கிளிப்பச்சைக் கீற்று இருந்தது. பெயிண்ட் அடிக்கிற இடத்தில் தகரத்தின் மேல் பெயிண்ட் இருந்தால் எவன் திரும்பிப் பார்ப்பான்? பக்கத்து வேலையில் சிதறியது என்று விட்டுவிட்டான்.

மணிமாறனின் சைக்கிளுக்கு, மிச்சம் மீதியைக் கலக்கிக் கிளிப்பச்சை அடித்துக் கொடுத்தது அவனேதான்.

யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்தார்கள். கராஜே அதிர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். சாதிக்கின் கையில் சுத்தியல் இருந்தது. அந்த ஆரஞ்சுத் தகரத்தையும் அதன் சொந்தக்காரனையும் அங்கேயே சப்பையாக்கிவிடலாம் என்று கை துடித்தது. பாவி, பாவி, என் கையாலேயே மறைக்க வைத்தாயே என்று பல்லைக் கடித்தான்.

சுத்தியலை வைத்துவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டான். முதலாளி கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் நடந்து, ரோட்டில் டாக்சியைக் கை காட்டினான்.

தொழிலாளர் கேம்ப்பில் அவர்கள் ரூம் தரைத்தளத்தில், மேற்குப் பார்த்தது. சாதிக் உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்க ஜன்னலுக்குப் போனான். மணிமாறன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம், அவன் கட்டிலில் வெயில் விழாமலிருக்க சாதிக்கே வெளியில் சாய்த்துக் கட்டிய தகரம் அங்கே இருந்தது.

விளிம்பில் இருந்த தூசியைக் கட்டை விரலால் துடைத்தான். பச்சை.

கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கெட்ட வார்த்தை. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் இதைத் தலையில் சுமந்தே போகிற ஆத்திரம் அவனுக்கு இருந்தது.

கடைசிக் கம்பி அறுந்ததும் தகரம் சரிந்து, வெயில் ஜன்னல் வழியே உள்ளே பாய்ந்தது.

"டே மாப்ள, அத ஏன்டா அவுக்குறே?" என்றான் மணிமாறன் உள்ளிருந்து. "அது ஒண்ணுதான்டா எனக்கு நெழலு."