வேலியில் ஒரு ஓட்டை

"இன்னைக்கும் வந்துடுச்சு பாரு. மொத்தக் கூட்டமும் பீன்ஸ் பாத்தியில நிக்குது."

வாயில் பிரஷ்ஷோடு தோட்டத்துக்கு ஓடினார் கணவர். துடைப்பத்தோடு பின்னாலேயே ஓடினாள் மனைவி.

வாத்துகள் பயப்படவில்லை. கல்யாண வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் மாதிரி சாவகாசமாக உலாத்திக்கொண்டிருந்தன. நேற்று கம்பி வைத்துக் கட்டிய வேலி மறுபடி திறந்து கிடந்தது.

"என் கையால முறுக்கிக் கட்டினேன். அவிழ்க்கறதுக்கு வாத்துக்குக் கையா இருக்கு? எல்லாம் அந்த எஞ்சின் டிரைவர் வேலை."

பக்கத்து நிலத்துக்காரர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"யாரு தம்பி என் பேரை இழுக்கறது?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது அது. "வேலியை ஒழுங்கா கட்டத் துப்பில்ல. என் வாத்து உங்க தோட்டத்துல முட்டை போடுது. நஷ்டம் யாருக்கு?"

"உங்க முட்டை யாருக்குண்ணே வேணும்? அள்ளிக்கிட்டுப் போங்க." மனைவி துடைப்பத்தை ஓங்கினாள். "வாத்தை அடக்கி வைக்கத் தெரியலேன்னா எதுக்கு வளர்க்கணும்? ஏன் எங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கறீங்க?"

கணவருக்கே சங்கடமாகிவிட்டது. "விடு, விடு" என்று அவள் கையைப் பிடித்தார். நகரத்தில் இருந்தவரை அவள் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை.

அவர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தவர். வீட்டுக்கு வேண்டியது வீட்டிலேயே விளைய வேண்டும், யாரிடமும் கை நீட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். வந்த புதிதில் எஞ்சின் டிரைவர், "இங்க நத்தைத் தொல்லை ஜாஸ்தி தம்பி, அதுக்கு நான் ஒரு வழி..." என்று ஆரம்பித்தபோதே தடுத்துவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். சொந்தக் கால்ல நிக்கணும்னுதான் வந்திருக்கோம்."

நத்தைகளுக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியாது. முதல் விதைப்பை முளையிலேயே தின்று தீர்த்தன. இரண்டாவதையும் விடவில்லை. அன்று அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அழுததை, சமையலறை ஜன்னல் வழியாக மனைவி பார்த்தாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்றார் சாப்பிடும்போது. "இதுவும் போச்சுன்னா பழைய ஆபீஸ்லயே போய் நிக்கறேன்."

அந்த மூன்றாவது விதைப்புதான் இப்போது காய்த்துத் தொங்குகிறது. அது முளைவிட்ட நாளிலிருந்துதான் இந்த வாத்துப் படையெடுப்பும். ஓரத்தில் இருந்த சில செடிகள் மிதிபட்டதோடு சரி.

வாத்துகளை விரட்டிவிட்டு இருவரும் முதல் அறுவடையில் இறங்கினார்கள். பீன்ஸ், தக்காளி, கத்திரிக்காய் என்று கூடைகள் நிரம்பின. கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"சாம்பலைக் கரைச்சுத் தெளிச்சேனே, அதான் விஷயம். ஒரு நத்தை கண்ணுல படுதா பாரு. ஒருத்தர் தயவும் இல்லாம நாமளே சாதிச்சுட்டோம்."

"நீங்க நினைச்சா முடியாததா," என்றாள் மனைவி. அவர் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது.

"ஒரு கூடை அந்த மனுஷனுக்கும் கொடுத்துட்டு வா. ஆயிரம் சண்டை இருந்தாலும் பக்கத்து வீடு. நாம வாங்கறதுதான் கூடாது, கொடுக்கலாம்."

பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு வேலியை மறுபடி கட்டப் போனார். இந்த முறை இரட்டைக் கம்பி.

எஞ்சின் டிரைவர் வாத்துக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். கூடையைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். அவருக்கு அது கூட வரும்.

"தின்னது போக நத்தை இன்னும் மிச்சம் இருக்காம்மா?"

"பூசணிக் கொடிக்கு அடியில கொஞ்சம் இருக்குண்ணே. உங்க வாத்துங்க இன்னும் ஒரு வாரம் வந்தா சுத்தமாயிடும். விடியறதுக்குள்ள நான் கம்பியை அவிழ்த்துடறேன், நீங்க கூண்டைத் திறந்து விட்டுடுங்க."

கிளம்பியவள் திரும்பினாள்.

"நாளைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் உறைக்கிற மாதிரி திட்டுங்கண்ணே. இன்னைக்குப் பாதியில சிரிக்கப் பார்த்தீங்க."