மாப்பிள்ளை விசாரணை

“குடிப்பாருங்களா?”

ஃபெமினா கேட்ட வேகத்தில் சூசைமேரி மாவு கிரைண்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனம்மணி, நீ போலீஸா?”

“இல்லீங்க. காலேஜ்ல கிரிமினாலஜி, மூணாம் வருஷம் படிக்கிறேனுங்க. எதுத்த ஊட்டு சைமன்ங்கறவரைப் பத்தி விசாரிக்கணும். கல்யாண விஷயமுங்க.”

“அட, பொண்ணே நேர்ல வந்திருச்சா! நானெல்லாம் மாப்பிள்ளை மூஞ்சியைப் பாத்ததே கோயில்லதான்.”

ஃபெமினா சிரித்து வைத்தாள். சாட்சி பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்பது வகுப்பில் படித்த பாடம்.

வரும் ஞாயிறு கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறியச் சொல்லிவிடுவார்கள். ‘வேண்டாம்னு தோணினா இப்பவே சொல்லிரு, உன் முடிவுதான் முடிவு’ என்று வீட்டில் பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். உடனே போத்தனூர் பஸ் ஏறிவிட்டாள். ஒருமுறை பார்த்துப் பேசியதில் மனிதர் நல்லவராகத்தான் தெரிந்தார். ஆனால் வெளியே நல்லவர்களாகத் தெரிந்து, வீட்டுக்குள் கை நீட்டியவர்களைப் பற்றித்தானே மூன்று வருடமாகப் படிக்கிறாள்!

“குடியெல்லாம் கெடையாது கண்ணு. மூணு தங்கச்சிகளைக் கட்டிக் குடுத்துப்போட்டு, இப்பத்தான் தனக்குன்னு பாக்குது அந்தத் தம்பி.”

“கோவம் வருமுங்களா?”

“கேரம்ல தோத்தா வரும். பாதி ஆட்டத்துல எந்திரிச்சுப் போயிரும்.”

“பொம்பளைங்க மேல கை நீட்டுவாருங்களா?”

“தங்கச்சிக திட்டினாத் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கும். ஏங்கண்ணு, மாப்பிள்ளையைக் கூண்டுல ஏத்திப்போட்டயே!”

கடைசிக் கேள்வி மட்டும் ஃபெமினாவின் வாயிலிருந்து வர மறுத்தது. மென்று விழுங்கிக் கேட்டாள்.

“கல்யாணத்துக்கப்புறம் படிப்பை நிறுத்தச் சொல்லுவாருங்களா?”

“நல்லாக் கேட்ட போ! மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு, மேசை, புத்தக அலமாரியெல்லாம் வாங்கிப் போட்டிருக்குது. யாருக்குப்பான்னு கேட்டேன். ‘படிக்கிற புள்ள வருதுங்க்கா’ன்னு சொல்றப்ப மூஞ்சியெல்லாம் சிரிப்பு.”

விசாரிப்பவர் அழக் கூடாது என்று எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை. ஃபெமினா அழுதாள்.

தெருமுனைக்கு வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். முதல் ரிங்கிலேயே எடுத்த குரல் நடுங்கியது.

“பயப்படாதம்மா. உனக்கு மாப்பிள்ளை ஓகே. எனக்கு அப்பா ஓகே.”