எல்லையிலிருந்து நாலு மீட்டர்

“நாற்பதாயிரம் கிரோனர் பணமா? எதுக்கு? உங்க பேரை ஒரு தடவை எழுதறதுக்கா?”

இங்ரிட் மேஜையைத் தட்டியதில் காபிக் கோப்பைகள் குலுங்கின. பதினாறு வயது. வீட்டுக்குள்ளும் கோட்டைக் கழற்றவில்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லர் விரிசல் விட்டுப் பதினோரு நாளாகிறது. இரண்டு கரண்ட் ஹீட்டர் வைத்தும் கூடம் பன்னிரண்டு டிகிரியைத் தாண்ட மறுத்தது. அதற்குப் பதிலாக, தோட்டத்தில் ஆழமாகப் போர் துளை போட்டு, மண்ணுக்கடியிலிருக்கும் சூட்டைக் குழாய் வழியாக வீட்டுக்குக் கொண்டுவரும் ஹீட் பம்ப் வைக்கப் போகிறார்கள்.

“உன் பொண்ணைக் கொஞ்சம் அடக்கி வை, யோனாஸ்,” என்றார் பக்கத்து வீட்டு ஹில்டிங், ஏலக்காய் பன்னைப் பிட்டுக்கொண்டே. “நான் விக்கறது பேரை இல்ல, சூட்டை. எல்லையிலேருந்து பத்து மீட்டர் தள்ளி போர் போடு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். நீ போடறது நாலு மீட்டர்ல. என் மண்ணுக்குள்ள இருக்கற சூட்டை உன் குழாய் உறிஞ்சிடும். அதுக்குப் பேரு திருட்டு.”

“அந்தப் பக்கம் கழிவுநீர்க் குழாய் போகுதே, ஹில்டிங்,” என்றார் இங்ரிட்டின் அப்பா யோனாஸ். குரல் கெஞ்சியது. “வேற இடமே இல்ல. நகராட்சி அனுமதி குடுத்தாச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

“அப்ப சுவத்துல மாட்டற பெட்டியை வாங்கிக்கோ. காத்துலேருந்து சூடு எடுக்குமே, அது. மலிவு.”

“மைனஸ் முப்பதுல அது திணறும். ஒரு மாசம் விசாரிச்சு, அலசித்தான் இந்த ஹீட் பம்ப்பைத் தேர்ந்தெடுத்தோம். பேங்க்கும் பதினஞ்சு வருஷக் கடன் குடுத்துடுச்சு.”

“பேங்க்குக்குக் குடுக்கறவன் எனக்கும் குடு.”

“வெயில் எங்க கூரையில பட்டா அதுக்கும் பில் போடுவீங்களா?” இங்ரிட் சீறினாள். “என் தம்பி ஏழு வாரம் முன்னாடியே பிறந்துட்டான். சனிக்கிழமை அம்மாவும் அவனும் ஆஸ்பத்திரியிலேருந்து வரணும். வீடு இருபத்திரண்டு டிகிரி இல்லன்னா அனுப்ப மாட்டோம்னு நர்ஸ் சொல்லிட்டாங்க.”

“வாழ்த்துக்கள். ஒரு கம்பளித் தொப்பி பின்னிக் குடுக்கச் சொல்றேன்.”

கதவு திறந்து பனிக்காற்று உள்ளே புகுந்தது. துளை போடும் வண்டியோடு வந்திருந்த உல்ரிகா பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு சாக்ஸோடு வந்தாள்.

“என்ன முடிவு? அரைமணி நேரத்துல ஆரம்பிச்சாத்தான் வெள்ளிக்கிழமைக்குள்ள வேலை முடியும். இல்லன்னா வண்டியைத் திருப்பறேன். அப்புறம் ஜனவரியிலதான் இந்தப் பக்கம் வருவேன்.”

இங்ரிட் அப்பாவின் சட்டையைப் பிடித்து அடுப்பங்கரைப் பக்கம் இழுத்தாள். அதுவரை குரலில் இருந்த சீற்றம் காணாமல் போயிருந்தது.

“அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா. அவன் கை மொத்தமே என் கட்டைவிரல் அளவுதான் இருக்கு. ஜனவரி வரைக்கும் அங்கேயே கிடப்பானா? அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?”

யோனாஸ் போனை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினார். “ஹில்டிங், உங்க கணக்கு நம்பரைச் சொல்லுங்க.”

“அப்பா! அது தொட்டில், தள்ளுவண்டி எல்லாம் வாங்க வெச்ச பணம்!”

“தொட்டில் இல்லாம தூங்கிப்பான்மா. சூடு இல்லாம முடியாது.”

“இது நியாயமே இல்ல! பூமிக்கடியில இருக்கறது இவரு சொத்தா?”

“பின்ன?” ஹில்டிங்குக்கும் முகம் சிவந்தது. “இருபத்திரண்டு வருஷமா என் வீட்டுக்கு மண்ணுச்சூடுதான். ஒரு குளிர்காலம்கூடக் குறைஞ்சதில்ல. அதுல வந்து நீங்க கை வெப்பீங்க, நான் பார்த்துட்டு உக்காந்திருக்கணுமா?”

உல்ரிகா திரும்பினாள். “உங்க வீட்லயும் போர் இருக்கா? எங்க?”

“என் வாசல்ல. உனக்கெதுக்கு?”

“ரெண்டு துளைக்கும் நடுவுல இருபது மீட்டராவது இடைவெளி வேணும். இருங்க, போர்ப் பதிவேட்டைப் பார்த்துடறேன். யார் தோண்டினாலும் ஆழம், திசை எல்லாம் எழுதி வெச்சிருப்பாங்க.” போனில் தேட ஆரம்பித்தாள்.

ஹில்டிங் பன்னைத் தட்டில் வைத்தார். “அதெல்லாம் பழைய கதை. எதுக்கு இப்போ?”

“ரெண்டே நிமிஷம்.”

“பேனாவை எடு, யோனாஸ்.”

யாரும் எதிர்பார்க்கவில்லை. தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “காசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். பச்சைக் குழந்தை விஷயம். நானும் மனுஷன்தான்.”

பாதி பன்னும் காபியும் மேஜையிலேயே இருந்தன. பூட்ஸின் கயிற்றைக்கூடக் கட்டாமல் பனியில் இறங்கிப் போய்விட்டார்.

யோனாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. “பார்த்தியா இங்ரிட்? வாய்க்கு வந்தபடி பேசினியே, எவ்வளவு பெரிய மனசு!”

இங்ரிட் தலைகுனிந்தாள். நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உல்ரிகா போனிலிருந்து நிமிர்ந்தாள். “வேலையை ஆரம்பிக்கறேன். ஆனா நேரா இறக்க முடியாது. ரோட்டுப் பக்கமா சாய்ச்சுத்தான் போடணும், இல்லன்னா அவரு குழாயில இடிச்சுடும்.”

“அது அவர் வாசல்லதானே இருக்கு?” என்றார் யோனாஸ்.

“வாய் மட்டும்தான் அங்க. துளையை இந்தப் பக்கமா சாய்ச்சு நூத்தி அறுபது மீட்டர் இறக்கியிருக்கார்,” என்றவள், சாக்ஸ் காலால் கூடத்தின் தரையைத் தட்டினாள். “இருபத்திரண்டு வருஷமா அவரு வீட்டுக்குச் சூடு போறது இதோ, உங்க வீட்டுக்கு அடியிலேருந்துதான்.”